எந்தக் கப்பல்?

இப்போதெல்லாம் யார் வேண்டுமானாலும் ஒரு மனு எழுதிப் போட்டு, அரசாங்கத்திடம் இருக்கிற காகிதத்தைக் கேட்டு வாங்கலாம். தகவல் உரிமை என்று சட்டமே வந்துவிட்டது. ஜெராக்ஸ் கடையில் மாதிரி மனு வைத்து விற்கிறார்கள். எங்கள் தெருப் பெண் ஒருத்தி, சாக்கடை ஏன் பாதியில் நிற்கிறது என்று கேட்டுப் போட்டாள். பதில் வந்ததும் அதை என்னிடம் காட்ட ஓடிவந்தாள். நான் படித்துப் பார்த்துவிட்டு, "அடி போடி, உங்க சட்டம் பொறக்கறதுக்கு முன்னாடியே நான் தாலூக்கா ஆபீஸ்ல நின்னு சத்தம் போட்டவ" என்றேன். அவள் நம்பவில்லை. நம்பாவிட்டால் போகட்டும், நான் சொல்லாமல் விடப்போவதில்லை.

எங்கள் ஊர் அந்தமானில், மாயாபந்தரைத் தாண்டி, காட்டை வெட்டிக் குடியேற்றிய ஊர். பெங்காலிகள், மலையாளிகள், ராஞ்சிக்காரர்கள், நடுவில் எங்களைப் போல் கொஞ்சம் தமிழ்க் குடும்பங்கள். மெயின்லேண்டில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிப்பார்கள். எங்கள் ஊரில் "எந்தக் கப்பல்?" என்றுதான் கேட்பார்கள். அரசாங்கம் எங்களைத் தொகுதி தொகுதியாகக் கொண்டுவந்து இறக்கியது. ஒவ்வொரு தொகுதிக்கும் கப்பல் என்றே பெயராகிவிட்டது. நீ முதல் கப்பலா, இரண்டாவது கப்பலா, அதற்கும் பிறகா என்பதை வைத்து உன்னை எடை போட்டுவிடுவார்கள்.

முதல் கப்பல்காரர்களின் மிடுக்கைச் சொல்லி மாளாது. காடு காடாகவே இருந்தபோது வந்தவர்கள் அல்லவா! மரத்தை வெட்டியது தாங்கள், அட்டைக்கடி பட்டது தாங்கள், பிறகு வந்தவர்களெல்லாம் போட்ட கொட்டகையில் வந்து படுத்தவர்கள் என்று அவர்கள் நினைப்பு. மாரியம்மன் கோயில் பொங்கலுக்கு முன்வரிசையில் பானை வைக்கிற உரிமை முதல் கப்பல் குடும்பங்களுக்குத்தான். இரண்டாவது கப்பலுக்கு இரண்டாவது வரிசை. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் ஒருமுறை ஒரு புது மருமகள் தெரியாமல் முன்வரிசையில் அடுப்புக் கல்லை வைத்துவிட்டு, அவள் மாமியார் வாங்கிய பேச்சு இருக்கிறதே, அப்பப்பா!

எங்கள் பானை முன்வரிசையில் இருக்கும். ஓரத்தில், வேலியை ஒட்டி, ஆனாலும் முன்வரிசை. எனக்கு அதில் பெருமை தாங்காது. பள்ளிக்கூடத்தில் இரண்டாவது கப்பல் பிள்ளைகளிடம் நான் காட்டிய பவுசை நினைத்தால் இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது. "நாங்க வந்தப்போ இங்க வழியே கிடையாது தெரியுமா?" என்பேன், ஏதோ நானே கோடாலி பிடித்தவள்போல.

எல்லாம் அப்பாவிடமிருந்து வந்தது. மழை பிடித்துக்கொண்டால் அப்பாவுக்கு முதல் கப்பல் கதை வந்துவிடும். ஜெட்டி இல்லாத காலம், அலையாத்திச் சேற்றில் இடுப்பளவு இறங்கி நடந்தது, அரிசி மூட்டை சேற்றில் விழுந்து அதை அப்படியே அலசிப் பொங்கித் தின்றது, யானை ஒன்று மரம் இழுத்துக்கொண்டே வந்து இவர்கள் கொட்டகையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. யானை போன திசையில் கூரை போக, உள்ளே படுத்திருந்த மாமா அப்படியே வானம் பார்த்துக் கிடந்தாராம். அந்த இடத்தில் அப்பாவே சிரித்துப் புரையேறிவிடுவார்.

மாமா என்றால் பக்கத்து நிலத்துக்காரர். சொந்தம் ஒன்றும் கிடையாது. அப்பாவும் அவரும் மெட்ராஸில் கப்பலுக்குக் காத்திருந்த முகாமில் பழகியவர்கள். அப்பா கதை சொல்லும்போது அவரும் இருந்தால் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "ஆமாமா, அப்படித்தான்" என்பார். நடுவில் அப்பா எதையாவது மறந்தால் எடுத்தும் கொடுப்பார்.

"நான் அப்போ எங்கப்பா இருந்தேன்?" என்று கேட்பேன்.

"நீ உங்கம்மா மடியில தூங்கிட்டிருந்த."

எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில்தான். சேற்றில் இறங்கும்போதும் தூங்கினேனாம், யானை வந்தபோதும் தூங்கினேனாம். நானும் சரி, நல்ல தூக்கக்காரி போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

ஒன்றே ஒன்றுதான் எனக்கு உறுத்தும். முதல் கப்பல்காரர்கள் எல்லோருக்கும் ஓடைக்கரையில் வயல். நெல் விளைந்து கிடக்கும். எங்களுக்கு மட்டும் மேட்டுக் காடு. கல்லும் வேருமாக, எந்தப் பக்கம் மண்வெட்டி போட்டாலும் டங்கென்று சத்தம் வரும். அப்பா அதில் பாக்கும் தென்னையும் வைத்து, குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்தார். அவருடைய வலது தோள் இடதைவிடத் தாழ்ந்திருக்கும். முதல் கப்பலில் வந்தும் நமக்கு ஏன் மேடு என்று கேட்டேன். "சீட்டு குலுக்கிப் போட்டாங்க, நமக்கு மேடு விழுந்துச்சு. அதிர்ஷ்டம் அவ்வளவுதான்" என்று எழுந்து போய்விட்டார். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். அடுப்பு ஏற்கனவே நன்றாக எரிந்துகொண்டிருந்தது.

நான் பள்ளிப் படிப்பை முடித்த வருஷம் தலைமை ஆசிரியர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போர்ட் பிளேரில் ஆசிரியப் பயிற்சி. குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், என் பெயர் வந்திருக்கிறது, குடியேறியவர் மகள் என்பதற்கு அரசாங்கச் சான்று மட்டும் போதும், ஆனால் போர்ட் பிளேர் போகிற அடுத்த கப்பலிலேயே கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும், தவறினால் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும் என்றார். நான் வீட்டுக்கு நடக்கவில்லை, ஓடினேன். எனக்கு வாத்தியாராக வேண்டும் என்பது சின்ன வயசு வெறி. கோழிகளை வரிசையில் நிறுத்திப் பாடம் நடத்தியவள் நான். எங்கள் ஊரில் அதுவரை எந்தப் பெண்ணும் படிக்க என்று கப்பலேறியதில்லை. இந்த இடம் போனால் எனக்கு அடுத்தது கல்யாணம்தான் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அப்பா பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினார். நிலம் கொடுத்தபோது தந்த பட்டா அதில்தான் இருந்தது. பெட்டியைத் திறந்தால் பட்டாவின் ஓரங்கள் மட்டும் சட்டம் போட்டதுபோல் இருந்தன, நடுவில் இருந்ததையெல்லாம் கரையான் தின்று முடித்திருந்தது. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அதனால என்ன? ஆபீஸ்ல மூலம் இருக்கும்ல. நகல் கேட்டு மனு போடறேன்" என்றேன்.

அப்பாவின் முகம் அப்போது போன போக்கை நான் கவனித்திருக்க வேண்டும். "பார்க்கலாம்" என்றார். மனுவை நானே எழுதினேன். எங்கள் தகப்பனார் முதல் கப்பலில் வந்தவர், அவர் குடியேறிய பதிவின் நகல் வேண்டும் என்று இங்கிலீஷில் அழகாக எழுதி, கையெழுத்துக்கு நீட்டினேன். அப்பா நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவர் இவ்வளவு நேரம் என்ன பார்க்கிறார் என்று எனக்குப் பொறுக்கவில்லை. எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம் வரும். இன்றைக்கும் அப்படித்தான்.

மறுநாள் காலை ஓடையில் டிங்கிப் படகு, அப்புறம் மரம் ஏற்றுகிற லாரி என்று அம்மாவோடு மாயாபந்தர் போய்ச் சேர்ந்தேன். பதிவேட்டு அறையில் குமாஸ்தா பாபு ஒருவர் இருந்தார். தீவிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய முப்பாட்டனார் கைதியாக வந்த தமிழர் என்று சொல்லிக்கொள்வார்கள். ஆனால் அவருக்கு வாயில் வந்தது ஹிந்திதான். தமிழில் ஏதோ கொஞ்சம் சொற்கள் வைத்திருந்தார், அவற்றை ஆள் வித்தியாசம் பார்க்காமல் எல்லோருக்கும் கொடுப்பார். "வா, உக்காரு" என்று அம்மாவையும் சொன்னார், பின்னால் வந்த பெரிய கான்ட்ராக்டரையும் அதையே சொன்னார்.

மனுவை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "கோன்சா ஜஹாஜ்?" என்றார். எந்தக் கப்பல் என்று அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார்! அவரையும் குற்றம் சொல்ல முடியாது. அங்கே பதிவுகளைக் கப்பல் வாரியாகத்தான் சிவப்புத் துணியில் மூட்டை கட்டி வைத்திருந்தார்கள். பெயரைச் சொல்லித் தேட வழியில்லை. எங்கள் ஆட்களில் பாதிப்பேர் ஒரே சாமியின் பெயரை வைத்துக்கொண்டு வந்து இறங்கியிருந்தால் எந்த பாபுவால்தான் பிரித்துப் பார்க்க முடியும்? கப்பலைச் சொன்னால் மூட்டையை அவிழ்ப்பார். சொல்லாவிட்டால் நீ வீட்டுக்குப் போகலாம்.

"பெஹ்லா ஜஹாஜ்!" என்றேன். முதல் கப்பல் என்று நான் சொன்ன மிடுக்கில் வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் மூட்டையை அவிழ்த்தார். தூசி கிளம்பி மூவருக்கும் தும்மல். ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். பிறகு மறுபடியும் முதலிலிருந்து புரட்டினார். "இதுல இல்ல" என்றார்.

"இருக்கணும். நல்லா பாருங்க."

"பார்த்தாச்சு. இல்ல."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு ஆத்திரம். "தொலைச்சுட்டீங்க! அரசாங்கப் பதிவு என்ன உங்க வீட்டுச் சமையல் புஸ்தகமா, வேணும்னா வச்சுக்கறதுக்கு வேணாம்னா கிழிக்கறதுக்கு? எங்கப்பா சேத்துல இறங்கி வந்திருக்காரு. எங்க காகிதத்தைக் குடுங்க!" என்று தமிழும் ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்து பொரிந்து தள்ளினேன். அவர் பாவம், என்னைத் திட்டக்கூட இல்லை. மூட்டையை என் பக்கம் நகர்த்தி, நீயே பார் என்று கையைக் காட்டினார். பார்த்தேன். மாமா பெயர் இருந்தது. முன்வரிசையில் பானை வைக்கிற ஒவ்வொருவர் பெயரும் இருந்தது. எங்கள் அப்பா இல்லை. அம்மா என் பின்னால் நின்றுகொண்டு முந்தானையைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "வாடி போகலாம்" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து நான் ஆடிய ஆட்டத்தில் கோழிகள் மரத்தில் ஏறிக்கொண்டன. "தொலைச்சுட்டான்ப்பா! நம்ம காகிதத்தை மட்டும் எடுத்து யாருக்கோ குடுத்துட்டான்! போர்ட் பிளேருக்கே எழுதிப் போடறேன், அவன் வேலையே போகணும்!" அப்பா மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். போட்ட வைக்கோலையே மறுபடியும் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். சமையல் கட்டில் பாத்திரங்கள் இடிபட்டன. அப்பா உள்ளே போனார். பிறகு அம்மாவின் குரல் கேட்டது.

"சொல்லித் தொலைங்களேன். இன்னும் எதுக்கு?"

"நீ சும்மா இரு."

"அவ படிப்பு போயிடும்."

"சும்மா இருன்னு சொன்னேன்ல!" அப்பா அம்மாவிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

"என்னத்தச் சொல்றது?" என்று உள்ளே போனேன். கன்றுக்குட்டியைக் கட்டிவிட்டு வா என்று என்னை விரட்டினார்கள். கன்றுக்குட்டி கட்டித்தான் இருந்தது.

அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். அல்லது மாமாவோடு சேர்ந்து கண்டுபிடித்தார். முதல் கப்பல் பெரியவர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு போய், இவர் எங்களோடு வந்தவர்தான் என்று சாட்சி சொல்ல வைப்பது. மறுநாளே கிளம்பிவிட்டோம். மாமா சலவை வேட்டி கட்டியிருந்தார். லாரியில் எல்லோரும் ஒருவருக்கொருவர் ஒத்திகை பார்த்துக்கொண்டார்கள். யானை கூரையை இழுத்தபோது அப்பா எங்கே படுத்திருந்தார் என்பதில் கருத்து வேறுபாடு வந்து, கடைசியில் என் அப்பாவை மாமாவுக்கு இடது கைப் பக்கம் படுக்க வைத்தார்கள். சாட்சிக்குப் போகிறவர்கள் இதையெல்லாம் ஏன் இப்போது முடிவு பண்ண வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை பாருங்கள். எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

பாபு எல்லோரையும் "வா, உக்காரு" என்றார். மாமா உட்காராமல் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "சாப், ஹம் லோக் சாத் மே ஆயா. ஒண்ணாத்தான் வந்தோம். எங்க மாரியாத்தா மேல..." என்று ஆரம்பித்தார். அப்பா அவர் கையைப் பிடித்து, "சத்தியமெல்லாம் வேணாம்" என்று மெதுவாகச் சொன்னார்.

பாபு பேனாவைக் கீழே வைத்தார். நிதானமாக ஹிந்தியில் சொன்னார். நீங்கள் எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் மூட்டை ஒன்று சொல்கிறது, நீங்கள் ஒன்று சொல்கிறீர்கள். அப்படியானால் இது என் கையில் நிற்காது, விசாரணைக்குப் போர்ட் பிளேருக்குப் போகும். அங்கிருந்து திரும்பி வர வருஷமாகும். மூட்டையில் இருப்பதைக் கேளுங்கள், இன்றைக்கே நகல் தருகிறேன்.

"அப்படின்னா எங்கப்பா பொய் சொல்றாருன்றீங்களா?" நான் மேஜையில் தட்டிவிட்டேன். "எங்கப்பா பொய்யே பேசமாட்டாரு! ஊர்ல யாரை வேணா கேளுங்க! எங்கப்பாவைப் பொய்யர்னு சொல்ல உங்களுக்கு என்ன தைரியம்?"

முதல் கப்பல் பெரியவர்கள் ஆளுக்கொரு பக்கம் கூரையையும் தரையையும் பார்த்தார்கள். அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமில்லை. அப்படி ஒரு கூச்சம் அவர் முகத்தில் நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"அம்மாடி, நீ வெளிய போய்த் தண்ணி குடிச்சுட்டு வா."

"எனக்குத் தாகமில்ல."

"போயேன் தாயி."

"நான் போமாட்டேன். என் காகிதம். நான் இங்கதான் நிப்பேன்."

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு பாபு பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த தீவு ஹிந்தியில் சொன்னார். "தூஸ்ரா ஜஹாஜ், சாப். பெஹ்லா நஹி."

இரண்டாவது கப்பல். முதலாவது இல்லை.

பாபு எழுந்து அலமாரிப் பக்கம் போனார். போகிறபோக்கில், சும்மா பேச்சுக்கு, முதல் மூட்டையில் இருக்கிறவர்களெல்லாம் உங்கள் சிநேகிதர்கள், நீங்கள் மட்டும் எப்படித் தவறவிட்டீர்கள் என்று கேட்டார். அதற்கும் நகலுக்கும் சம்பந்தமே இல்லை. அப்பா பதில் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

"பச்சி பீமார் தா, சாப். சோட்கே கைசா ஆயேகா?"

குழந்தைக்கு உடம்பு சரியில்லை, விட்டுவிட்டு எப்படி வருவேன்? அவ்வளவுதான் சொன்னார். அந்தக் குழந்தை நான்தான் என்பது எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

பாபு மூட்டையை அவிழ்த்தார். மேலாகவே இருந்தது. அப்பா, அம்மா, ஒரு பெண் குழந்தை. அவர் தாளிலிருந்து தலையைத் தூக்கி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதுவா அந்தப் பச்சி?" என்று கேட்டு, தன்னிடமிருந்த தமிழையெல்லாம் திரட்டி, "நல்லா பெரிசா ஆச்சு. சத்தமும் பெரிசா ஆச்சு" என்றார். நான் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

நகல் எழுதி முத்திரை குத்துகிற வரைக்கும் வெளியே காத்திருந்தோம். எனக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. அப்பா கொஞ்ச தூரம் தள்ளிப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மாமாவைப் பிடித்துக்கொண்டேன்.

"இத்தனை வருஷமா ஊரையே ஏமாத்தியிருக்காரு. நீங்களும் நம்பிட்டீங்களா மாமா?"

மாமா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஊரையா? அட பைத்தியக்காரி! ரெண்டாவது கப்பல் ஆளுங்களைச் சேத்துலேர்ந்து கரையேத்தினதே நாங்கதானே? உன்னைத் தோள்ல தூக்கிட்டு வந்தவன் நான்தான். தூங்கல நீ. காது கிழிய அழுத, என் மேலயே மூத்திரம் போன. எங்களுக்குத் தெரியாதாக்கும்!"

"அப்புறம் எதுக்கு ஆமாமான்னீங்க?"

அவர் சொன்னார். மெட்ராஸ் முகாமில் கப்பலேறப் போகிற சமயம் எனக்கு அம்மை போட்டுவிட்டது. கொட்டகையில் வேப்பிலை கட்டியிருப்பதைப் பார்த்ததுமே டாக்டர் குழந்தையை ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார். அங்கே சித்தி முறையாகும் ஒருத்தி இருந்தாள். அவளிடம் விட்டுவிட்டு ஏறுங்கள், குணமானதும் அனுப்பி வைப்பாள் என்று எல்லோரும் சொன்னார்கள். மாமாவும் சொன்னாராம். அடுத்த கப்பல் உண்டா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. ஊரில் இருந்ததையெல்லாம் விட்டுவிட்டு வந்தாயிற்று, திரும்பிப் போகவும் இடமில்லை. மூன்றாவது தண்ணீர் ஊற்றாமல் பிள்ளையை விட்டு நகர மாட்டேன் என்று அம்மா உட்கார்ந்துவிட்டாள். அப்பா மூட்டையைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டார். கப்பல் போய்விட்டது. பிறகு எப்படியோ அடுத்த கப்பலில் வந்து சேர்ந்தபோது ஓடைக்கரை முழுக்க முதல் கப்பலுக்குக் கொடுத்து முடிந்திருந்தது. மிச்சம் இருந்தது மேடு.

"அந்த மேட்டைப் பார்த்துட்டு உங்கம்மா அழுதா. ஊர்ல ஒருத்தி சும்மா இல்லாம, 'எல்லாம் இந்தப் பொண்ணால வந்தது'ன்னுட்டா. உங்கப்பன் அப்படி ஒரு கோபத்துல நான் பார்த்ததில்ல. எங்க எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வச்சு சொன்னான். இந்தப் பேச்சு எம் பொண்ணு காதுல எப்பவும் விழக் கூடாது. அவ கேட்டா நாங்க மொதல் கப்பல்தான். சீட்டுல மேடு விழுந்துச்சு. அவ்வளவுதான் கதைன்னான். நாங்களும் சரின்னோம். முன்வரிசைல ஒரு அடுப்பு கூட வைக்க இடமில்லாமயா போச்சு?"

அந்த யானைக் கதை மாமாவினுடையது. சேறும் அரிசி மூட்டையும் இன்னொருவருடையது. எல்லோரும் ஆளுக்கொன்று அப்பாவுக்குக் கொடுத்திருக்கிறார்கள், அவரும் மறக்காமல் வைத்துக்கொண்டு மழைக்கு மழை எனக்குச் சொல்லியிருக்கிறார். ஊரே சேர்ந்து சொன்ன பொய்யை நம்பியது நான் ஒருத்திதான், அதைச் சொன்னதும் எனக்காகத்தான். அழுகை வந்துவிட்டது. தாலூக்கா ஆபீஸ் சுவரில் சாய்ந்துகொண்டு, போகிறவர் வருகிறவரெல்லாம் பார்க்க, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். எனக்கு அப்பா மேல் அவ்வளவு பிரியமாக இருந்தது. அவ்வளவு கோபமாகவும் இருந்தது, எத்தனை குடம் தண்ணீர் அந்த மேட்டுக்கு என்று நினைத்து.

அப்பா திரும்பி வந்தார். நான் அழுவதைப் பார்த்ததும் மாமாவை முறைத்தார். "சொல்லிட்டியா? உன் வாயில அவலைப் போட!"

"நீ உள்ள சொன்னே, நான் வெளிய சொன்னேன். சரியாப் போச்சு" என்றார் மாமா.

நான் அப்பாவின் தாழ்ந்த தோளில் முகத்தை வைத்துக்கொண்டேன். அவருக்கு இதெல்லாம் பழக்கமில்லை. "ஏய், விடு, ஆபீஸ் ஆளுங்க பாக்கறாங்க" என்றார். ஆனால் நகரவில்லை. "நெல்லு விளைஞ்சிருந்தா மானுங்கதான் தின்னிருக்கும். பாக்கை மான் தின்னாது" என்று சமாதானம் வேறு.

வீட்டுக்குப் போனதும் அம்மா காகிதத்தைக் கேட்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள். "சொல்லிட்டாரா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்பாடா! யானை கதை வரும்போதெல்லாம் சிரிப்பை அடக்கி அடக்கி எனக்கு வயித்து வலியே வந்துடுச்சு" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அன்றைக்கு ராத்திரி சோற்றில் நெய் ஊற்றினாள்.

அடுத்த பொங்கலுக்கு நான் ஊரில் இல்லை. அம்மாதான் பிறகு சொன்னாள். அப்பா பானையை எடுத்துக்கொண்டு போய் இரண்டாவது வரிசையில் வைத்தாராம். மாமா வந்து பானையைத் தூக்கிப் பழைய இடத்தில், வேலியோரம், முன்வரிசையில் வைத்துவிட்டுப் போனாராம். அப்பா மறுபடி பின்னால் கொண்டுபோக, மாமா மறுபடி முன்னால் கொண்டுவர, பால் பொங்குமா பொங்காதா என்று பெண்களெல்லாம் கத்த ஆரம்பித்துவிட்டார்களாம். கடைசியில் அம்மா அடுப்பைப் பற்றவைத்து விஷயத்தை முடித்தாள். பானை முன்வரிசையிலேயே பொங்கியது. இன்றைக்கும் எங்கள் வீட்டுப் பானை அங்கேதான்.

ஆனால் நான் சொல்ல வந்தது போர்ட் பிளேர் கப்பல் கிளம்பிய காலையைப் பற்றி. மாயாபந்தர் ஜெட்டியில் ஒரே கூட்டம். மாமா வீட்டில் எல்லோரும் வந்திருந்தார்கள். அம்மா ஊறுகாய் ஜாடியைக் கொடுத்து, எடுத்து, மறுபடி துணி சுற்றிக் கொடுத்தாள். நகலை ரவிக்கைக்குள் வைத்திருந்தேன், நடக்கும்போது மொடமொடவென்று சத்தம் கேட்டது. அப்பா என் டிரங்குப் பெட்டியைத் தோளில் வைத்திருந்தார். இறக்கி வையுங்கள் என்றால் கேட்கவில்லை.

சங்கு ஊதியது. எல்லோரும் ஏறிக்கொண்டிருந்தார்கள். அத்தனை வாய் பேசியவள், கப்பலுக்குப் போட்டிருந்த பலகையில் கால் வைக்க முடியாமல் அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "போகலப்பா" என்றே சொல்லிவிட்டேன்.

அப்பா பெட்டியைப் பலகை வழியாகக் கப்பலுக்கு உள்ளே தள்ளினார். என் கையைத் தன் சட்டையிலிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்தார்.

"ஒரு கப்பல விட்டது போதும், தாயி" என்றார். "இதையாவது பிடி."

பிடித்தேன்.